மாமன் சீருக்குப் போன ரேஸ் கார்

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்குப் பெரும்பாலும் சர்க்கரை வரும். எனக்குக் கூடவே ஒரு காரும் வந்தது.

இரண்டு கதவு, இரண்டு இருக்கை, கூரை கிடையாது. வயதில் என்னைவிட மூத்தது. வெள்ளைக்காரன் ஊரில் மழையில் நனைந்து, யாரோ ஒரு மில் முதலாளியோடு கப்பலேறி வந்து, கடைசியில் ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கம் தவிட்டு மூட்டைகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். படித்தவனிடம் ஒரு பொருளை விற்பது சுலபம். விற்கிறவர் வாயைத் திறக்கவே வேண்டாம். அதன் அருமை பெருமைகளை வாங்குகிறவனே சொல்லி முடித்துவிடுவான்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் என்னைவிட இளையவர், என்னைவிட அதிகம் பேசுகிறவர்.

"அண்ணே, ரோட்டுக்கா, டிராக்குக்கா?"

"ரெண்டுக்கும்."

"செஞ்சிருவோம்ணே! கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு டிராக் இருக்கு. நீங்க சுத்துறத நான் வீடியோ எடுக்குறேன்."

இருவருக்கும் கண் மின்னியது. எங்கள் இருவரில் ஒருவருக்காவது புத்தி இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இருக்காது.

முதலில் வண்டியைத் தாழ்த்தினோம். கவிழ்ந்தால் தலை தப்பிக்க இரும்புக் கூண்டு வேண்டும் என்றதும் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் சொன்னோம். வீட்டுக்கு ஜன்னல் கிரில் செய்கிறவர் அவர். "பூ டிசைன் வைக்கவா, பிளெயினா?" என்று கேட்டார். அடுத்து, எடையைக் குறைப்பது என்று முடிவானது. என் எடையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஸ்டெப்னி போனது. ஹீட்டர் போனது, மதுரை வெயிலில் ஒரு காருக்குள் ஹீட்டர் இருந்ததைப் பார்த்து ஷெட்டே சிரித்தது. கடைசியாக, இஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் ஃபேன்.

"அது இஞ்சின் பலத்தத் திங்குதுண்ணே. நூறுல போகையில காத்து தானா வந்து அடிக்கப் போகுது. ஃபேன் எதுக்கு?"

நான் படித்த புத்தகத்திலும் இதேதான் இருந்தது. கழற்றச் சொன்னேன். மெதுவாகப் போகையில் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. அதை எழுதியவர் மெதுவாகப் போகிற ஊரில் பிறக்கவில்லை.

வேலை முடிந்து பசுமலை வீட்டுக்கு வந்த வண்டி, என் மனைவி தன் கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றது. அவள் சண்டை போடவில்லை. நிபந்தனை போட்டாள்.

"ஒரு விசேசத்துக்காச்சும் இதுல ஏறிப் போயி எறங்குவோம். போயிச் சேந்துச்சுன்னா இருக்கட்டும். நடுவழியில நின்னுச்சுன்னா மறுநாளே எங்க சித்தப்பா மகனுக்குக் குடுத்துரணும்."

சித்தப்பா மகன் புறவழிச்சாலையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, உள்ளே குரோட்டன்ஸ் செடி வைப்பது அவர் திட்டம். சாப்பிட வருகிறவர்கள் செல்ஃபி எடுப்பார்களாம்.

விசேசம் தானாகவே வந்தது. திருமங்கலம் தாண்டி வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை, மகளுக்கு வைகாசியில் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் நான். சீர் கொண்டுபோக வேண்டும். தங்கை போனில் சொன்னாள்:

"அண்ணே, அந்தத் தெறந்த காருல சீருக்கு முன்னால வாங்க. இவுக பங்காளி வீட்டு விசேசத்துக்கு மாமன் குதிர வண்டியில வந்தாராம். நம்ம என்ன கொறஞ்சா போயிட்டோம்?"

பசுமலையிலிருந்து அந்த ஊர்வரை வண்டி பிரமாதமாக ஓடியது. பட்டுச்சேலைக்கு மேல் ரேஸ் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தோடும் பட்டுப்பாவாடையும் இருந்த தாம்பாளத்தை மடியில் வைத்தபடி என் மனைவி உட்கார்ந்திருந்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் கிளம்பியது. முன்னால் தவில், நாதசுரம். அது போதாதென்று கேரளத்திலிருந்து வரவழைத்த செண்டை மேளம். இப்போதெல்லாம் அது இல்லாவிட்டால் காது குத்த மாட்டார்கள் போலிருக்கிறது. அதற்குப் பின்னால் நான். என் பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், மாலை போட்ட கிடாய். ஊர்வலத்தின் வேகத்தை அந்தக் கிடாய்தான் தீர்மானித்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேர அதற்கு அவசரம் இல்லை. காரணம் அதற்குத் தெரிந்திருக்கலாம்.

ஷெட்டில் மாட்டிய ரேஸ் கிளட்ச் ஒன்று முழுசாகப் பிடிக்கும், இல்லை முழுசாக விடும்; மெல்ல ஊர்ந்து போக விடாது. வண்டி தவளைபோலத் தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் செண்டைக்காரர்கள் துள்ளி விலகினார்கள். கூட்டம் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக் கைதட்டியது. சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது.

"ஏங்க, பொகை வருது."

"அது ஊதுபத்தி."

"ஊதுபத்திய பானெட்டுக்குள்ளயா கொளுத்தி வச்சிருக்கீங்க?"

நின்றால் குரோட்டன்ஸ். நிற்காமல் இருக்க ஒரே வழி காற்று. காற்றுக்கு ஒரே வழி வேகம். வலப்பக்கம் நாலுவழிச் சாலைக்கு ஒரு தார்ச்சாலை பிரிந்தது. திருப்பி, மிதித்தேன்.

எனக்கு அது வெறும் இயற்பியல். ஆனால் பின்னால் இருந்தவர்கள் பார்த்தது வேறு: தாய்மாமன் பாதிச் சீரில் தோடு வைத்த தாம்பாளத்தோடு கோபித்துக்கொண்டு போகிறான். எங்கள் பக்கம் தாய்மாமன் கோபித்துக்கொள்ளாத விசேசம் குறைவு. அப்படிக் கோபித்துக்கொண்டால் உடனே ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுவது முறை. முள் இறங்கி, நான் மூச்சுவிட்ட நேரத்தில் பக்கவாட்டில் இரண்டு பைக் வந்தன. ஒன்றின் பின்னால் வேட்டி பறக்க என் தங்கை புருசன்.

"மச்சான்! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்குவோம்! நில்லுங்க!"

"கோவமெல்லாம் இல்ல மாப்ள! காத்து வேணும்!"

"பத்திரிகையில ஒங்க பேரக் கீழ போட்டது தப்புதான் மச்சான்!"

அதுவரை நான் அதைக் கவனித்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். "நான் அன்னைக்கே சொன்னேன். நீங்க கார்புரேட்டரக் கழுவிக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

பாலத்தடியில் திரும்பி ஊருக்குள் வந்தேன். நான் விட்டுப்போன இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில், கிடாய் அப்படியே நின்றது. தாவினேன், முள் ஏறியது, மறுபடி நாலுவழிச் சாலை. பைக்குகளும் கூடவே வந்தன.

"பிளக்ஸுல ஒங்க போட்டோ சின்னதாப் போனதுக்கு எங்க சித்தப்பாதான் காரணம் மச்சான்! நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்!"

பிளக்ஸ் விஷயமும் எனக்குப் புதிது. இரண்டாவது சுற்று முடிவதற்குள் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"மேளத்த ஓரங்கட்டச் சொல்லு மாப்ள! நான் எங்கயும் நிக்க மாட்டேன், நேரா மண்டபத்துக்கு வாரேன்!"

அந்த வண்டியின் தேவை அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்களுக்கு அது ஒரு மாமனின் கடைசி நிபந்தனை. பைக்குகள் முன்னால் பறந்தன. தவில் ஒரு பக்கம், செண்டை ஒரு பக்கம், கிடாயைத் தூக்கியே நகர்த்தினார்கள். திறந்த வழியில் வேகமாகப் புகுந்து, மண்டப வாசல் தோரணத்துக்குச் சற்று முன்னால், உஸ் என்று ஆவி கக்கி, வண்டி நின்றேவிட்டது.

மறுபடி கிளப்பினால் கிளம்பாது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. "மாமன் வாசல் வரைக்கும் வந்து வீம்பு பண்றாருடா, விடாதீங்க!" என்று ஒரு பெருசு கத்தினார். பங்காளிகள் அத்தனை பேரும் பாய்ந்து வந்து வண்டியைத் தள்ளி, என்னையும் தாம்பாளத்தையும் தோரணத்துக்குள் சேர்த்தார்கள். தங்கை அழுதுகொண்டே ஆரத்தி எடுத்தாள்.

காது குத்தும்போது குழந்தை என் மடியில் வீரிட்டது. அதைவிட எனக்குத்தான் அழுகை வந்தது. வண்டி போய்ச் சேர்ந்ததா, சேர்க்கப்பட்டதா?

பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தங்கை புருசனே நின்று கறி அள்ளி வைத்தான். பத்திரிகையில் பேர் மேலே போடப்பட்ட பெரியவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் மெதுவாக மனைவியிடம் கேட்டேன்: "உங்க சித்தப்பா மகனுக்குப் போன் போடவா?"

அவள் எலும்பை ஓரமாக வைத்தாள்.

"கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல உங்களச் சமாதானம் பண்ண ஒருத்தன் வந்து நான் பாத்ததில்ல. இன்னைக்கு வண்டி போட்டுத் தொரத்துறாங்க. வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும், யாருக்கும் குடுக்க வேணாம்."

சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லி மாப்பிள்ளையை அதட்டினாள். அவனும் ஓடி வந்து ஊற்றினான்.