எதிர்க்கடையில் அம்மா

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த கிறிஸ்மஸுக்குத்தான் திரும்புவார். சில தடவை அதுவும் தவறிவிடும். ஆறு வயதில் அந்த வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான்.

அந்த வருஷம் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்தோம். என்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. முடிவெடுத்துவிட்டு அவர் கப்பலேறிவிட்டார். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு மாடி வீடு கிடைத்தது. கீழே ஓயாமல் கன்டெய்னர் லாரிகள் போகும். மேலே அம்மாவும் நானும்.

முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் அம்மா என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, "போயிட்டு வாரேன்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் மற்ற பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். ஆயா என்னைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்தார். அங்கே வாந்தியெடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அம்மா அந்த வார்த்தையை மாற்றிக்கொண்டாள்.

"நான் எங்கயும் போவல. இங்கனதான் இருப்பேன். நீ எட்டிப் பாத்தா தெரியும்."

சொன்னபடியே இருந்தாள். பள்ளிக்கு எதிரே நோட்டும் பென்சிலும் மிட்டாயும் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார அண்ணாச்சி பரிதாபப்பட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார். மிஸ்ஸும் என்னை ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்தார். நான் கையைத் தூக்கினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் தூக்குவாள். ஆங்கில எழுத்துகளை நான் படித்தது இந்த ஒப்பந்தத்தின் பேரில்தான்.

ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மட்டும் இருந்தது. கையைத் தூக்கினேன். பதிலுக்கு ஒரு கையும் எழவில்லை. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்தியதுதான்.

"எங்கம்மா கப்பலுக்குப் போயிட்டா!"

ஆயா சமாதானம் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. கேட்டைத் திறக்கச் சொல்லி, என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போனார்.

அம்மா கடைக்குள் இருந்தாள். அண்ணாச்சியின் மனைவியும் அவளும் பிரவுன் ஷீட் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்கு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

"ஏளா, என்ன ஆச்சு?"

"ஒங்கம்மா எங்க போவப்போறா? நாந்தான் உள்ள கூப்ட்டேன் ராசாத்தி" என்றார் அண்ணாச்சியின் மனைவி. கையில் ஒரு மிட்டாயும் வைத்தார். கோபத்தோடேயே அதைத் தின்றேன்.

விசித்திரம் என்னவென்றால், மறுநாள் ஸ்டூல் காலியாக இருந்தது என்னை ஒன்றும் செய்யவில்லை. அம்மா உள்ளே இருக்கிறாள் என்று தெரியும். வாந்தி நின்றது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தன் டிபனில் எனக்குப் பங்கு கொடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் ஜன்னல் பக்கம் பார்க்கவே மறந்துபோனேன்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, பெரிய மனசு பண்ணி அம்மாவிடம் சொன்னேன்.

"இனிமே நீ வீட்லயே இருந்துக்கம்மா. நான் அழ மாட்டேன்."

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒரு லாரி கடந்து போக, அவள் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டாள். பிறகு, கடைசியாக இன்னும் ஒரே ஒரு மிட்டாய் என்று நான் கேட்பேனே, அந்தக் குரலில் கேட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாரேனே?"

நான் சம்மதித்தேன். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அந்த வருஷம் முழுவதும் வந்தாள். நான் தைரியசாலியாகிவிட்டதை அம்மா இன்னும் நம்பவில்லை என்று எனக்கு வருத்தம். டிபன் பங்கு கொடுக்கும் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லிக் குறைப்பட்டும் இருக்கிறேன்.

அந்த மாடி வீட்டில் ஒரே ஒரு ஆள் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இருந்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.