திரையில் வந்த நான்காம் எண்

பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். மகளின் காய்ச்சல், ரோட்டில் வரும் லோரி, மீன் முள், ஈரப் படிக்கட்டு, எனக்குப் பயப்பட இவையே போதும், வேறு எதற்கும் நேரம் கிடையாது. நீங்கள் கேட்டுவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, என் கணவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தொண்ணூறுகளின் கடைசி. பண்டமாரானில் ஒரு கிடங்கில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வயர்லெஸ் நெட்வொர்க் அப்போது புதிது. கூரையில் பச்சை லைட் மினுக்கும் ஐந்து பெட்டிகள் மாட்டி, ஒவ்வொன்றின் எண், சேனல், இருக்கும் இடம் எல்லாம் நானே தட்டி அமைத்திருந்தேன். சரக்கின் பார்கோடைப் படிக்க ஆட்கள் கையில் வைத்திருக்கும் ஸ்கேனர் எந்தப் பெட்டியோடு பேசுகிறது என்பது என் திரையில் தெரியும். முதலாளி சீனர், நான்கு என்ற எண் அவருக்கு ஆகவே ஆகாது, சாவு எண்ணாம். அவர் வீட்டு லிஃப்டில்கூட மூன்றுக்கு அடுத்தது மூன்று ஏ. ஆகவே என் பெட்டிகளும் ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று ஏ, ஐந்து.

அந்தச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஏழு வயது மகளையும் கூட்டிப் போயிருந்தேன். சும்மா கிடந்த ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்ததும் பிஸ்கட் டின், என் செருப்பு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டியின் முதுகு என்று எல்லாவற்றிலும் அதை வைத்து அழுத்திக்கொண்டு திரிந்தாள்.

"அங்கிளுக்கு விலையே வரல ம்மா."

"அதான் லா பாப்பா, இன்னும் யாரும் கட்டிக்கல" என்றான் அவன்.

சேனல் ஒன்றை மாற்றிவிட்டு நிமிர்ந்தேன், அவளைக் காணோம். தகரக் கூரையில் மழை கொட்டியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முனியாண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அடுக்குகளுக்கு நடுவில் எல்லாம் தேடினோம். இல்லை. வெளியே லோரிகள் வந்து போகிற இடம், என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அப்புறம்தான் அவள் கையில் ஸ்கேனர் இருக்கிறதே என்று உறைத்தது, திரைக்கு ஓடினேன்.

அவள் ஸ்கேனருக்கு நேரே பெட்டி எண் நான்கு என்று இருந்தது. இடம், பழைய கோல்ட் ரூம்.

சத்தியமாக அதை நான் தட்டவில்லை. ஆனால் அப்போது யோசிக்கவில்லை, ஓடினேன். எப்போதோ மின்சாரம் துண்டித்து மூடிப் போட்ட குளிர்பதன அறை அது, இரும்புக் கதவு, உள்ளிருந்து திறக்க முடியாது, காற்றும் புகாது. முனியாண்டி கைப்பிடியை இழுத்தான். என் மகள் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "தொறந்து கெடந்த கதவு தானா சாத்திக்கிச்சு ம்மா, நீ ரொம்ப லேட்" என்றாள். நான் அழுதேன், முனியாண்டி அழுதுகொண்டே, கண்ணில் மழைத் தண்ணி என்றான், அவள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். மூவரும் மைலோ குடித்தோம், அவன் கணக்கில் ரொட்டி சானாய் வேறு.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அந்த இரும்புச் சுவரைத் தாண்டி என் பெட்டிகளின் சிக்னல் போகாது, நானே சோதித்துப் பார்த்தது. திரைக்குத் திரும்பினேன், நான்கு இல்லை, என் ஐந்து பெட்டிகள் மட்டும் சமர்த்தாக இருந்தன. இருட்டில் பயமாக இல்லையா என்று மகளிடம் கேட்டேன்.

"இருட்டே இல்லியே. மேல பச்சை லைட் மினுக்கிட்டே இருந்துச்சு, அதுக்குக் கீழதான் உக்காந்தேன்."

கோல்ட் ரூமுக்குள் முனியாண்டி ஏணியைப் பிடித்துக்கொள்ள, டார்ச்சோடு ஏறினேன். வயர் இல்லை, ஆணி இல்லை, கூரை முழுக்க ஒட்டடை. அவள் உட்கார்ந்திருந்த கூடைக்கு நேர் மேலே, என் பெட்டி ஒன்றின் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போது எங்கள் வீட்டு வைஃபை பெட்டியை மகள்தான் துடைக்கிறாள். இயங்கும் பெட்டி சூடாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அதன்மேல் நான் கை வைப்பதில்லை.