மந்திரி எழுதிய பௌர்ணமி

பெரிய மனிதர்கள் எழுதும் போர்ச் சரித்திரங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நடையின் அழகு எனக்குத் தெரியும். கோபமும் அதனால்தான்.

எங்கள் ஊர்த் தலத்தெருவில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாரிசிலிருந்து மகன் ஒரு தடிப் புத்தகம் அனுப்பியிருந்தான். பிரான்சில் மந்திரியாக இருந்த ஒருவர் இந்தோசீனப் போரைப் பற்றி எழுதியது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம் அது; அக்கா வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அந்தப் போருக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஓர் ஆற்றங்கரைச் சண்டைக்குப் பிறகு 'காணவில்லை' என்று மட்டும் தகவல் வந்தது. அம்மா சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. அதன் பிறகுதான் அக்கா அப்பாவுக்குப் படைக்கத் தொடங்கினார். அதுவும் இறந்த நாள் தெரியாதவர்களுக்குப் பொதுவான புரட்டாசி அமாவாசையில், "எல்லாரும் வந்து சாப்பிடுங்க" என்று குடும்பத்துப் பெரியவர்களோடு சேர்த்து.

"நான் போறதுக்குள்ள ஒரு தடவயாச்சும் அவரு நாள்ல படைச்சிடணும் டீச்சர். அந்தச் சண்ட இதுல இருக்காம். என்னைக்குன்னு பாத்து சொல்லுங்க" என்றார்.

அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். மந்திரி பிரமாதமாகத்தான் எழுதுகிறார். வரலாறே அந்தக் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். தளபதியின் தொப்பிக்கு ஒரு பத்தி. அவர் குடித்த காப்பிக்கு இரண்டு வரி. செத்தவர்களுக்கு, "நமது இழப்பு சொற்பம்" என்று மூன்றே சொல். அக்டோபர் கடைசி என்று போட்டிருந்தது, நம் ஐப்பசி. தேதி இல்லை.

"சொற்பம்னா, எங்கப்பாவும் அதுல சேத்தியா?"

"ஆமாக்கா."

அத்தியாயத்தின் கடைசியில், சண்டை ஓய்ந்த ஆற்றின் மேல் முழுநிலா எழுந்தது என்று முடித்திருந்தார். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பௌர்ணமி! கெடச்சிருச்சு டீச்சர்."

அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய்ப் படையலுக்கு வேட்டி வாங்கி வந்துவிட்டார். நானோ புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினேன். பத்து நாள் கழித்து நடந்த மலைச் சண்டை. அதன் முடிவிலும் முழுநிலா. கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் கட்டுகிற மாதிரி, சண்டை முடிந்தால் ஒரு நிலாவைக் கட்டிவிடுகிறார் மனிதர். அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் புத்தகத்தாலேயே அடித்திருப்பேன்.

மறைக்க மனம் வரவில்லை. மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன்.

அக்கா மடியில் இருந்த புது வேட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொய்யாவே இருக்கட்டும் டீச்சர். இத்தாம் பெரிய புத்தகத்துல எங்கப்பாவுக்குன்னு வேற என்ன குடுத்திருக்காரு? அந்த நெலாவ நான் எடுத்துக்கறேன்."

ஐப்பசிப் பௌர்ணமியன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். வேட்டி, சோறு, அவருக்குப் பிடிக்கும் என்று அம்மா சொல்லியிருந்த வஞ்சிரக் குழம்பு. இலை ஒன்றே ஒன்று.

"அப்பா, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார் அக்கா. பிறந்ததிலிருந்து அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.