டிரெய்லர் வண்டியில் அமலிக்குக் கிடைத்த பேச்சு

என் பேத்தி அமலிக்கு ஏழு வயது முடிந்தும் பேச்சு தெளியவில்லை. பாதிச் சொல்லை விழுங்கிவிடுவாள். 'ஸ்கூல்' என்பது 'கூ' என்று வரும். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் அவள் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். எண்பத்தாறாம் வருஷம், நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே என்ற ஊரில் இது நடந்தது. அந்த வருஷம் கோபப்பட்டதுபோல் நான் ஆயுளில் கோபப்பட்டதில்லை. இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் ஜெசிந்தா எழுதுகிறாள்.

நான் தூத்துக்குடி உப்பளத்தில் உழைத்தவன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வெள்ளை உப்பின் மேல் வெயில் அடித்தால் கண் எப்படி எரியும் தெரியுமா? அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. மகளைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்க வைத்தேன். அவள் நர்ஸ் ஆகி அமெரிக்கா வந்தாள். அதனால் அமலியும் இங்கே மாதா கோயில் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான்.

அக்டோபரில் தலைமை சிஸ்டர் மகளைக் கூப்பிட்டார். பேச்சுப் பயிற்சி டீச்சர் எங்கள் பள்ளியில் இல்லை என்றார். அரசாங்கப் பள்ளி ஆபீஸ்தான் பிள்ளையை டெஸ்ட் பண்ணி உதவி தர வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது உண்டு என்றார். உதவி கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் இவளை வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

மகள் அந்த ஆபீசுக்கு போன் பண்ணினாள். லெட்டர் அனுப்பிவிட்டோம், நீங்கள்தான் பதில் போடவில்லை என்றார்களாம். வரவே இல்லை என்று இவள் கத்தினாள். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். அவரும் கத்தினார். நான் மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, "தாயே, அந்த ஆபீஸ்காரன் நாக்கு இழுத்துக்கட்டும்" என்று வேண்டினேன். ஆமாம், அப்படித்தான் வேண்டினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மகள் தூசி தட்ட அந்தப் படத்தைக் கழற்றினாள். பின்னாலிருந்து மூன்று கவர்கள் விழுந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"யாருப்பா இதை இங்க சொருகினது?"

நான்தான். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. சர்க்கார் முத்திரை குத்திய கவரில் நல்ல சேதி வந்ததே கிடையாது. பிரிக்காமல் மாதாவிடம் வைத்து ஜெபமாலை சொன்னால் வினை விலகும் என்பார்கள். பகலில் வீட்டில் இருந்து தபால் எடுப்பவன் நான். மூன்று கவருக்கும் குறைவில்லாமல் ஜெபமாலை சொல்லியிருந்தேன். அந்த ஆபீஸ் லெட்டர்தான் இது என்று படிக்கத் தெரியாத எனக்கு எப்படித் தெரியும்?

"மாதாவுக்கு இங்கிலீஷ் தெரியும்ப்பா. ஆனா பேரன்ட் சிக்னேச்சர் மாதா போட மாட்டாங்க!"

"விடு ஜெசி. மாமா பாசத்துலதான..." என்றார் மாப்பிள்ளை.

"பாசமாம் பாசம்! பிள்ளை ஊமையா நிக்குது!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மேல் கோபம். மாதா மேலும் கோபம். "நான் முட்டாள்னு உனக்குத் தெரியாதா? ஒரு கவரையாவது கீழே தள்ளிவிட்டிருக்கக் கூடாதா?" என்று படத்தைப் பார்த்தே கேட்டேன்.

திங்கட்கிழமை மகளோடு நானும் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவன், கவருக்குள் இருந்த ஃபார்மை மகள் நீட்டியும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசித் தேதி போய்விட்டது, அடுத்த செப்டம்பரில் வா என்றான். அடுத்த செப்டம்பரில் பிள்ளைக்குப் பள்ளியே இருக்காதே! மகள் கெஞ்சினாள். அவன் போனை எடுத்து யாரிடமோ சிரித்துப் பேச ஆரம்பித்தான்.

அங்கேயே கார்ப்பெட்டில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, தப்பு பண்ணவன் நான். தண்டனை அந்தப் பிள்ளைக்கா? இது என்ன நியாயம்? இறங்கி வந்து சொல்லும்!" என்று சத்தமாகக் கேட்டேன். அது ஜெபம்தான். ஆனால் கெஞ்சல் இல்லை, சண்டை.

"அப்பா, எந்திரிங்க! போலீஸைக் கூப்பிடப் போறான்!"

"கூப்பிடட்டும். அவனுக்கும் சேத்தே ஜெபம் பண்ணுறேன்."

உள்கதவு திறந்தது. நரைத்த தலை வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், கையில் காபியோடு, என்ன சத்தம் என்று பார்க்க வந்தார். அவர்தான் அங்கே பேச்சுப் பயிற்சி டீச்சர். மகள் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். அந்த அம்மாள் ஃபார்மை வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினார். பெற்றவர்கள் எழுதிக் கேட்டால் எந்த மாதமும் எடுத்துக்கொள்ள வேண்டுமே, நீ சொல்லும் தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவன் ஃபைலைப் புரட்டினான். எங்கும் எழுதியிருக்கவில்லை. தன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான், பாவி. மகள் அந்தக் கவுண்டரிலேயே கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மாளை அந்த நிமிஷத்தில் எழுப்பி அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

டெஸ்ட் முடிந்து பிப்ரவரியில் பாடம் தொடங்கியது. அதிலும் ஒரு அநியாயம். அரசாங்க டீச்சர் சிலுவை மாட்டிய கட்டடத்துக்குள் வந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவாம். ரோட்டில், வகுப்பறை மாதிரி உள்ளே பெஞ்சு போட்ட ஒரு டிரெய்லர் வண்டியை நிறுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பனியில் வெளியே நடந்து அதில் போய் ஏற வேண்டும். கூட்டிப்போக ஆள் இல்லை என்று வாரம் இரண்டு நாள் நான் போனேன். "சிலுவை என்ன, கடிச்சிருமா?" என்று கேட்கச் சொன்னேன். மகள் கேட்க மறுத்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒருநாள் நல்ல மழை. வண்டிக் கதவு பூட்டிக் கிடந்தது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நான் கண்ணாடியைத் தட்டித் தமிழிலேயே வைதேன். அமலி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஸ்டாப் ஷவுட்டிங், தாத்தா!"

ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. "இன்னொருக்கா சொல்லு மக்கா" என்றேன்.

"ஸ்டாப். ஷவுட்டிங்." முன்னைவிடக் கோபமாகச் சொன்னாள்.

மழையில் நின்று அழுதேன். டிரைவர் பயந்துபோய்க் கதவைத் திறந்தான். ஜூனில் சிஸ்டர் அமலியை அடுத்த வகுப்புக்கு ஏற்றினார்.

பிள்ளைக்குக் குறை என்று வெட்கப்பட்டு ஒளிக்கும் தாய் தகப்பன்மாரே, ஆண்டவரிடம் போங்கள். கோபமாகவே போங்கள், அவர் தாங்குவார். மண்டியிட்டுக் கேட்டுவிட்டு, எழுந்து கவுண்டருக்கும் போய்க் கேளுங்கள். இல்லை என்று எவனாவது சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்று நில்லுங்கள். நிற்கிற பலத்தை அவர் தருவார். எனக்குத் தந்தார்.