ஜிம்மி வாயைத் திறக்காத நாட்கள்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, ஒரு நாய்க்காக ஜெபித்தேன், ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் சொன்னால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெப விண்ணப்பம் எழுதும் நோட்டு பல வருடமாக என் கையில்தான் இருக்கிறது. எஸ்தரக்கா ஒருமுறை தன் மாடு கன்று ஈன முடியாமல் கிடக்கிறது, ஜெபியுங்கள் என்றார். அதற்கு மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி நோட்டை மூடிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

போன ஆடி மழையில் என் வீட்டிலேயே அதே நிலைமை வந்து நின்றது.

நாங்கள் இருப்பது மஞ்சூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில். என் கணவர் சாமுவேல் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். முந்தின வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஒரு வார்த்தை வர நேரமாகும். எதிரில் இருப்பவர்கள் பொறுமை இல்லாமல் மீதியை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த வெட்கத்தில் அவர் வெளியாட்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அசையவில்லை.

அவரை எழுப்பியது ஜிம்மி. பழுப்பு நிற நாட்டு நாய். தினமும் காலையில் அவர் முன்னால் வந்து நின்று, வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கும். அவர் எழும்வரை விடாது. முதலில் வாசல்வரை, பிறகு தண்ணீர்த் தொட்டிவரை, ஆறு மாதத்தில் கைத்தடியோடு பஸ் ஸ்டாப்வரை நடக்க வைத்துவிட்டது. அவர் நின்றால் அதுவும் நிற்கும். காட்டெருமை இறங்கும் நாட்களில் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகும். அவ்வளவு புத்தியையும் பொறுமையையும் அதற்குள் வைத்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்த ஜிம்மி ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சித் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கொழுப்பு என்று நினைத்தேன். திங்கட்கிழமையும் அதேதான். கஞ்சியில் வெல்லம் போட்டேன், பால் ஊற்றினேன். தொடவில்லை. வாயைப் பிளந்து கரண்டியால் ஊற்றினேன். அத்தனையையும் கக்கிவிட்டது. நடைக்குப் போக எழவும் இல்லை. இவரும் போகவில்லை. பழைய நாற்காலி பழையபடி ஜன்னலோரம் போனது.

இந்த நாய் போய்விட்டால் இவரும் போய்விடுவார், உயிர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார் என்று தோன்றியது. சமையலறையில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ஜிம்மியைச் சாப்பிட வையும். ஒரு கை கஞ்சி குடித்தால் போதும்" என்று அழுதேன். எழுந்து போய் மறுபடியும் கஞ்சி காய்ச்சினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதேதான். ஜெபிப்பேன், காய்ச்சுவேன், அது முகத்தைத் திருப்பும். ஆண்டவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றே நினைத்தேன்.

புதன் சாயங்காலம் இவர் ஜிம்மியின் கண் இமையை இடது கையால் விலக்கி எனக்குக் காட்டினார். "மஞ்ச" என்றார். வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் எலுமிச்சைத் தோல் போல இருந்தது. ஈறும் மஞ்சள், சிறுநீரும் மஞ்சள்.

மறுநாள் வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். போதகர் விண்ணப்பங்களைக் கேட்டார். ஒருவர் மகனுக்கு வேலை கேட்டார், ஒருவர் மூட்டுவலி சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். என் விண்ணப்பத்தை மட்டும் எழுதவில்லை. எதிரில் எஸ்தரக்கா உட்கார்ந்திருக்கிறார், எந்த முகத்தோடு சொல்வேன்?

கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றார். ஒரு வருடமாக வெளியாட்கள் யாரிடமும் வாய் திறக்காத மனுஷன். உதடு கோணியது, வார்த்தை வரவில்லை. இந்த முறை யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார்கள்.

"எங்க... ஜிம்மிக்கு... ஜெபம் பண்ணுங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் முழங்கால் போட்டது எஸ்தரக்கா. அடுப்போரம் சாக்கின்மேல் கிடந்த நாயின் தலையில் கை வைத்து, சொந்தப் பிள்ளைக்கு ஜெபிப்பதுபோல ஜெபித்தார். ஒரு குத்தல் பேச்சு இல்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் நான் எவ்வளவு சிறியவள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில், டாக்டரிடம் வெறும் வயிற்றோடு போகவேண்டாமே என்று இன்னொரு முறை கஞ்சியை நீட்டினேன். குட்டியாக வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்து உறுமாத ஜிம்மி, பல்லைக் கடித்துக்கொண்டு உறுமியது. என் மனசு உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டு செல்வம், தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். மழையில் எங்கள் மூவரையும் ஊட்டிக்குக் கொண்டுபோனார்.

அங்கே கால்நடை டாக்டர் ஒரு இளம் பெண். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து ஜிம்மியின் தலையை மடியில் வைத்துக்கொண்டுதான் சோதித்தார். கல்லீரலில் பிரச்சினை இருக்கலாம், ரத்தத்தைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார். டிரிப் ஏற்றிக்கொண்டே, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் நிமிர்ந்துகொண்டு சொன்னேன். கடைத் தீனி கிடையாது, மக்காச்சோள ரவை, மூட்டையாக வாங்கி வைத்து நானே காய்ச்சுவது என்று. எந்த மாதம் வாங்கியது என்றார். மழைக்கு முன்னால் என்றேன். பூசணம் பிடித்ததா என்றார்.

எங்கள் பக்கம் ஆடியில் பூசணம் பிடிக்காத பொருள் ஏது? செருப்பில் பிடிக்கும், பெட்டியில் மடித்து வைத்த சேலையில் பிடிக்கும், வேதாகமத்தின் தோல் அட்டையில்கூடப் பிடிக்கும். துடைப்போம், அடுப்புக்கு மேலே காயவைப்போம், எடுத்துப் பயன்படுத்துவோம். அதற்கெல்லாம் பயந்தால் மலையில் குடித்தனம் செய்யமுடியாது. ரவையையும் அப்படித்தான் சலித்து, காயவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டேன். கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. பூசணம் செத்துவிடும், ஆனால் அது ரவையில் விட்ட விஷம் எவ்வளவு கொதித்தாலும் போகாது, அது நேராகக் கல்லீரலைத்தான் பிடிக்கும் என்று மெதுவாகச் சொன்னார். ஐந்து நாளாகப் பட்டினி கிடந்ததே, அதுவும் சேர்ந்து கெடுத்திருக்குமா என்று கேட்டேன்.

"திங்காம இருந்துச்சு பாருங்கம்மா, அதனாலதானுங்க இன்னும் மூச்சு இருக்குது. நீங்க குடுத்ததத் தின்னுருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்காதுங்க."

நான் அந்த வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். "சாப்பிட வையும்" என்றுதானே கேட்டேன்? கையில் விஷத்தை வைத்துக்கொண்டு, இதைக் குடிக்கவைத்துத் தாரும் என்று ஆண்டவரிடம் கெஞ்சியிருக்கிறேன். நான் கெஞ்சக் கெஞ்ச அவர் அதன் வாயைப் பூட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அது உறுமியது என்னை வெறுத்து அல்ல.

ரத்தச் சோதனையும் கல்லீரல் பாதிப்பு என்றே சொன்னது. பிழைக்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் முழுவதும் டிரிப், ஊசி. தினமும் செல்வம்தான் கூட்டிப்போனார். வீட்டில் குழைந்த சோறு, தயிர், அவித்த முட்டையின் வெள்ளை. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு நாலு தடவை. ஊட்டியது இவர். இடது கையால், ஒவ்வொரு வாயாக. "தின்னு... சாமி" என்று அதனிடம் பேசிக்கொண்டே. அப்படிப் பேசிப் பேசியே அவர் நாக்கும் கொஞ்சம் இளகியது. நான் அந்த மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஒரு மாதம் கழித்து எடுத்த சோதனையில் கல்லீரல் தேறிவருகிறது என்றார் டாக்டர். மாத்திரை இன்னும் உண்டு. ஆனால் ஜிம்மி இப்போது வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்வரை போய், இவர் அங்கே இருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறார். டாக்டரின் கைகளுக்காகவும் செல்வத்தின் நல்ல மனதுக்காகவும் எஸ்தரக்காவின் ஜெபத்துக்காகவும் ஆண்டவரைத் துதிக்கிறேன். எஸ்தரக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். விண்ணப்ப நோட்டில் இப்போது ஆடு, மாடு, கோழி எல்லாம் உண்டு.

பிரியமானவர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று இன்று அழுதுகொண்டிருக்கிறவர்கள் இதைப் படிக்கலாம். உங்களுக்குப் பிரசங்கம் பண்ண எனக்குத் தகுதி இல்லை. வெட்கப்படாமல் கேளுங்கள், எதற்காக வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் மறுத்தாலும் அவர் பக்கத்தைவிட்டுப் போய்விடாதீர்கள். நான் என் வாழ்நாளில் கண்ணீரோடு கேட்ட ஜெபங்களில், அப்படியே கேட்டபடி கொடுத்துவிடாமல் இருந்ததற்காக அவருக்கு நன்றி சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்.