தகரக் கொட்டகையில் புகைச் சுதந்திரம்

ஒரு விடுகதை. சுவரில் இருக்கும், திரையிலும் வரும். எல்லாரும் படிப்பார்கள், ஆனால் அது தனக்குச் சொன்னது என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். அது என்ன? சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவர்கள் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள்: ‘புகை பிடிக்காதீர்கள்.’

எழுபதுகளில் கேரள எல்லையில், கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு அந்த வேலை. மலைக்குளிருக்குக் கதவுகளைச் சாத்திவிடுவோம். உள்ளே கிளம்பிய புகை எங்களோடு முழுப் படமும் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும்.

ஞாயிறு பகல் காட்சிக்கு ஏலத்தோட்டத்து முத்துலட்சுமி தன் மகள் கனியோடு வருவாள். கனிக்கு ஒன்பது வயது. சினிமா என்றால் உயிர். புகை பட்டால் மூச்சிழுப்பு வந்துவிடும். எந்தப் படத்தையும் அவள் கடைசிவரை பார்த்ததில்லை. ஒன்றையாவது பார்க்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புகையை நிறுத்தக் கிளம்பினேன்.

எழுத்து

படத்துக்கு முன்னால் மலையாளத்திலும் தமிழிலும் ‘புகை பிடிக்காதீர்கள்’ என்று சிலைடு போட்டார்கள். அந்த வெளிச்சத்திலேயே முன் பெஞ்சுக்காரர் ஒருவர் பீடி பற்றவைத்தார். டார்ச் அடித்தேன். “படம்தான் இன்னும் தொடங்கலியே” என்றார். நியாயவான் என்று நம்பி, படம் தொடங்கியதும் மறுபடி போனேன். பீடி இரண்டாவதாகியிருந்தது.

“எழுத்துதான் போயிருச்சே, அண்ணாச்சி” என்றார்.

சொத்துரிமை

அடுத்த பெஞ்சில் கம்பத்திலிருந்து வந்த ஏலக்காய்த் தரகர். அவர் சிகரெட் ஆள். அதனால் சட்டமும் பேசினார்.

“வாய் என்னுது. சிகரெட் என்னுது. தீப்பெட்டியும் என்னுது. சொந்தப் பொருளை அனுபவிக்க ஒன்னைக் கேக்கணுமாய்யா?”

பெண்கள் பக்கம் கனி இரும ஆரம்பித்திருந்தாள். அதைக் காட்டி, “அந்தப் பிள்ளை மேல போற புகை யாருதுங்க?” என்று கேட்டேன்.

“ஊதிட்டேன்ல. அப்புறம் அது எனக்குச் சொந்தமில்ல.”

காவல்

பின்வரிசையில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவருக்கு நாற்காலியும் இலவசம், படமும் இலவசம். போய் முறையிட்டேன். சண்டைக்காட்சி முடியட்டும் என்று கைகாட்டினார். முடிந்ததும் எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்து, கொட்டகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணாலேயே சோதனை போட்டார். பத்துப் பதினைந்து கங்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக எனக்கு விளக்கினார்: “இந்தப் புகையில ஆளைக் காணவே இல்லல்லோ. புகை கொஞ்சம் அடங்கட்டு, பிடிக்கலாம்.”

கதவு

இனி யாரையும் கேட்பதில்லை என்று பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். காற்று வந்தது, கூடவே வெயிலும் வந்தது. திரையில் கதாநாயகி வெளுத்துக் காணாமல் போனாள். அதுவரை இருமல் காதில் விழாத கூட்டத்துக்கு இது மட்டும் கண்ணில் பட்டது. விசில், கூச்சல். முதலாளி ஓடிவந்து கதவைச் சாத்தினார்.

அதற்குள் முத்துலட்சுமி மகளை வாசலுக்குக் கூட்டி வந்திருந்தாள். பிள்ளையின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. அப்படியும் தலையைத் திருப்பித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிடிக்கிறவங்களை வெளிய அனுப்புங்க முதலாளி, பிள்ளை மிச்சத்தைப் பார்க்கட்டும்” என்றேன்.

முதலாளி பொறுமையாகச் சொன்னார்: “அனுப்பிட்டு யாருக்குய்யா படம் ஓட்ட? அவனவன் இஷ்டம் அவனவனுக்கு. பிள்ளைக்கும் இஷ்டம் உண்டு. உள்ள இருக்கணும்னா இருக்கட்டும், வெளிய போகணும்னா போகட்டும். நாம யாரையும் கட்டாயப்படுத்தலியே.”

அவர் கொடுத்த சுதந்திரத்தைப் பயன்படுத்தி, கனி வெளியே போய், தகரத்தில் காதை வைத்துக்கொண்டு, மீதிப் படத்தைக் கேட்டாள்.