கினுயேவுக்குப் பக்கத்து இடம்

மொமோசேயும் நானும் கைக்கடிகாரத்துக்குப் பல்சக்கரம் செய்யும் ஆலையில் ஒரே மேசை வரிசையில் வேலை பார்த்தவர்கள். ஷிமோசுவா ஊரில் ஏரியிலிருந்து மேலே ஏறும் சரிவில் எங்கள் வீடுகளும் அடுத்தடுத்து இருந்தன. அவர் வாய் திறந்து பேசுவது அபூர்வம். அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அவர் மனைவி சிசுகோவுடையதுதான். துணி காயப்போடும்போது பாடுவாள், முள்ளங்கி நறுக்கும்போது பாடுவாள். நிறுத்தினால்தான் என்ன ஆயிற்று என்று நாங்கள் எட்டிப் பார்ப்போம்.

நுரையீரலில் நோய் வந்து அவள் போய்ச் சேர்ந்தாள். நோய் என்று தெரிந்தது கோடையில். அடுத்த வசந்தம் வரை தாங்கவில்லை. சடங்கெல்லாம் முடிந்து, மகள் யோரிகோவும் நகோயாவுக்குத் திரும்பிப் போன பிறகு மொமோசே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"யாஜிமா, கொஞ்சம் வந்து ஒண்ணு கேக்கிறியா?"

போனேன். ஊர்ப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழுவில் சிசுகோவும் ஒருத்தி. நோய் தெரிவதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவர்கள் ஊர் மண்டபத்தில் பாடிப் பதிவுசெய்து, சொந்தச் செலவில் ஓர் இசைத்தட்டு போட்டிருந்தார்கள். அதைத்தான் ஓடவிட்டார். ரேடியோவும் தட்டும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்த்து விற்ற பழைய செட் அது. பாட்டு முடிந்ததும் கேட்டார்:

"அவ எங்க இருக்கா, தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பெண்களும் ஒரே போர்வைக்குள் நின்று பாடுவதுபோல இருந்தது.

"அவதான் தினம் வீட்டுலயே பாடிட்டு இருந்தாளே. அதனால நான் இதைப் போட்டு ஒழுங்கா கேட்டதே இல்ல. இப்ப போட்டா ஆளைக் கண்டுபிடிக்க முடியல" என்றார்.

நிலையத்துக்கு எதிரே ஒகுச்சி என்பவன் ஆடியோ கடை வைத்திருந்தான். வாய் ஓயாத ஆள். இருவரும் அவனிடம் போனோம். மொமோசே, ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டார்.

"ஆம்ப்ளிஃபையரை மாத்தறது சட்டையை மாத்தற மாதிரி, மொமோசே சான். ஸ்பீக்கரை மாத்திப் பாருங்க, ஆளே மாறிடுவான்" என்றான் ஒகுச்சி. "தட்டுல எல்லாம் இருக்கு. உங்க பெட்டிதான் யாரையும் வெளிய விடமாட்டேங்குது. வாசல் குறுகல். பதினோரு பொம்பளைங்க ஒரே நேரத்துல எப்படி வருவாங்க?"

"இந்த ஒகுச்சி பெண்டாட்டி ஒருத்தி வர்றதுக்கே ரெண்டு கதவு வேணும்" என்றேன் நான்.

"அவ காதுல விழுந்தா உங்களுக்குத்தான் கதவு திறக்காது, யாஜிமா சான்."

மொமோசே சிரிக்கவில்லை. மாட்சுமோட்டோவில் மூடிய ஒரு காப்பிக் கடையிலிருந்து வந்த ஜோடி ஸ்பீக்கர் ஒன்று கடையின் பின்னால் நின்றிருந்தது. என் மார்பு உயரம். முன்புறத் துணியில் பழைய சிகரெட் வாசம். அதுதான் வேண்டும் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் வைக்க இடமில்லை. பாய்த்தரை அவ்வளவு கனம் தாங்காது என்று பாய்களைப் பெயர்த்து, அடியில் கனத்த பலகை போட்டோம். ஒரு பெட்டி நிற்க வேண்டிய சுவரோரமாகத்தான் சிசுகோவின் படம் வைத்து ஊதுபத்தி ஏற்றும் கருப்பு அலமாரி இருந்தது. மொமோசே சற்று நேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஒரு பக்கம் பிடி" என்றார். அலமாரியைச் சமையலறைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒகுச்சி கம்பிகளைப் பூட்டி, பெட்டிகளை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்தான். மொமோசே தட்டின்மேல் முள்ளை இறக்கினார்.

நான் இசை தெரிந்தவன் அல்ல. ஆனாலும் முதுகில் ஏதோ ஊர்ந்ததுபோல் இருந்தது. சுவர் இருந்த இடத்தில் ஊர் மண்டபம் இருந்தது. அதன் மரத்தரை, உயரமான கூரை, அந்தக் குளிர்கூடத் தெரிந்தது. பெண்கள் வளைந்த வரிசையில் தனித்தனியாக நின்றார்கள். இடதுகோடியில் மருந்துக்கடைக்காரர் மனைவியின் மெல்லிய குரல். வலப்பக்கம் டோஃபு கடை கினுயேவின் கனத்த குரல். அவள் கடையில் கூப்பிடுவதும் பாடுவதும் ஒரே மாதிரிதான். மொமோசே ஒவ்வொரு குரலாக விரல் நீட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். கினுயேவை நெருங்கியதும் விரல் நின்றது.

"இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார்.

கினுயேவுக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதற்கு அப்பால் அடுத்த குரல் தொடங்கியது.

அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. ஆலையிலிருந்து வந்ததும் பெட்டிகளை நகர்த்துவார். சுவரைவிட்டுத் தள்ளி வைப்பார், நெருக்கி வைப்பார், திரைச்சீலையைக் கழற்றுவார், மாட்டுவார். பலகையெல்லாம் கீறல். மற்ற குரல்கள் நெருங்கின, விலகின. அந்த இடம் மட்டும் நிரம்பவில்லை. ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று ஒகுச்சியை வரவழைத்தார்.

ஒகுச்சி இடது பெட்டிக் கம்பியை வலதுக்கும் வலது பெட்டிக் கம்பியை இடதுக்கும் மாற்றிப் பூட்டினான். தட்டை ஓடவிட்டான். கினுயே இடப்பக்கம் போய்விட்டாள். காலி இடமும் அவள் கூடவே போய் அவளை ஒட்டி நின்றது.

"பார்த்தீங்களா? பெட்டி கெட்டிருந்தா ஓட்டை இருந்த இடத்துலயே இருக்கணும். கூடப் போகாது. என் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, மொமோசே சான். பதிவுலயே அந்த இடம் காலி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அங்க ஏதாவது தூண் கீண் இருந்திருக்கும்."

அந்த மண்டபத்தில் தூண் கிடையாது. மூன்று பேருக்கும் அது தெரியும்.

கம்பிகளைப் பழையபடி மாற்றிவிட்டு அவன் புறப்பட எழுந்தான். தட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், எல்லாப் பெண்களும் சேர்ந்து மூச்சிழுக்கும் சத்தம். மொமோசே முள்ளைத் தூக்கி மறுபடி அங்கேயே வைத்தார்.

"கேளுங்க" என்றார்.

கேட்டோம். மூச்சுகள் வரிசையாக எழுந்தன. கினுயேவுக்கு இடப்பக்கம், ஒன்றுமில்லாத அந்த இடத்திலிருந்தும் ஒரு மூச்சு வந்தது. மற்றவர்களுடையதைவிடக் குட்டையாக, பாதியில் அறுந்ததுபோல. பிறகு பாட்டு தொடங்கியது. அங்கிருந்து குரல் வரவில்லை.

ஒகுச்சி செருப்பை மாட்டிக்கொண்டு, விடைபெறும் வழக்கமான வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

அதன்பின் மொமோசே பெட்டிகளை நகர்த்துவதை நிறுத்தினார். அந்த இடத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தேநீர்க் கிண்ணம், எதிரே இன்னொன்று. நான் போனால் அந்த இன்னொன்று எனக்கில்லை என்று புரியும். என் மனைவி சமைத்து அனுப்பிய ஏரி மீன் தொடப்படாமல் திரும்பி வந்தது. "எத்தனை தடவை சொல்றது, அந்த மனுஷனை நீங்கதான் வெளிய இழுத்துட்டு வரணும்" என்று அவள் என்னைத் திட்டினாள். நான் எதைச் சொல்லி இழுப்பது?

இரண்டாம் வருட நினைவு நாளுக்கு யோரிகோ நகோயாவிலிருந்து வந்தாள். வந்ததும் அம்மாவின் அலமாரியைத் தேடினாள்.

"அம்மா எங்க, அப்பா?"

"உள்ளே."

"ஊறுகாய்ப் பானை பக்கத்துலயா? அம்மாவைத் தள்ளிட்டு இந்த ரெண்டு பீரோவையும் வெச்சிருக்கீங்க. இதுக்கே ஊதுபத்தி ஏத்திடலாமே."

துறவி வந்து மந்திரம் ஓதிவிட்டுப் போனார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். குழுவின் சார்பில் கினுயே வந்திருந்தாள். கடையிலிருந்து நேரே வந்ததால் கருப்பு உடையிலும் சோயா வாசம் அடித்தது. சிசுகோவின் பழைய வேடிக்கைகளைச் சொல்லி யோரிகோவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சிரித்ததில் யோரிகோவின் கோபம் சற்றுத் தணிந்தது.

"அப்பா, அம்மா பாட்டைப் போடுங்களேன். இந்தப் பெரிய பெட்டியில நானும் கேக்கறேன்."

மொமோசே என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் போட்டார்.

முதல் பாட்டு முடியும்வரை கினுயே தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "அடேயப்பா, என் குரல் இவ்வளவு தடிமனா?" என்றாள். அடுத்த பாட்டுக்கு முன் அந்த மூச்சு வந்தது. கினுயே சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். அவள் தலை தானாகப் பக்கத்து இடத்தை நோக்கித் திரும்பியது. அங்கே யாருமில்லை, உட்காரும் திண்டு ஒன்றுதான் காலியாகக் கிடந்தது.

"நிறுத்துங்க, மொமோசே சான்" என்றாள்.

அவர் முள்ளை எடுத்தார்.

"நீங்க கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"அங்க யாரு நின்னா?" என்று கேட்டார் மொமோசே.

"சிசுகோதான். வேற யாரு."

யோரிகோ ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். கினுயே கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பதிவுக்கு முந்தின இலையுதிர் காலத்துலயே அவளுக்கு நீட்டிப் பாட மூச்சு பத்தல. ஒத்திகையில நடுவுல இருமிடுவா. தட்டு கெட்டுடும், நான் விலகிக்கிறேன்னு சொல்லுவான்னு நினைச்சேன். அவ சொன்னது வேற. 'கினுயே, நான் வாயை மட்டும் அசைக்கிறேன், நீ யார்கிட்டயும் சொல்லாதே, வரிசையில நிக்க விட்டா போதும்'னா. ஒவ்வொரு பாட்டுக்கும் எங்களோட மூச்சிழுப்பா. அப்புறம் வாய் மட்டும் அசையும். பக்கத்துல நின்ன எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அம்மா ஏன் அப்பாகிட்ட சொல்லல?" என்றாள் யோரிகோ.

"கேட்டேன். வீட்டுக்காரர் தட்டைப் போட்டா தெரிஞ்சிடாதாடின்னு கேட்டேன். சிரிச்சா. 'எங்க வீட்டுச் சின்னப் பெட்டியில எல்லாம் கூழாத்தான் கேக்கும். யார் பாடறா, யார் பாடலன்னு அந்த மனுஷனுக்கு ஆயுசுக்கும் தெரியாது'ன்னா."

மொமோசே முள்ளைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"சொல்லியிருந்தா, பாடப் போகவேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வான்னு இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார்.

"அதனாலதான் சொல்லல" என்றாள் கினுயே.

அவள் அழுதுகொண்டே போனாள். யோரிகோ அலமாரியைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை மொமோசே தானாகவே என்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கர்களை எதிர்ச் சுவருக்குத் தள்ளிவிட்டு, சிசுகோவைத் திரும்ப அறைக்குக் கொண்டுவந்தோம். சின்னப் பெட்டி செட்டை மறுபடி மாட்டலாமா என்று நான் கேட்டேன்.

"வேண்டாம். ஒரு தடவை கேட்டாச்சு. இனிமே எந்தப் பெட்டியில கேட்டாலும் கேக்கும்."

அது மெய்யாகவே ஆயிற்று. தட்டு ஓடாதபோதும் கேட்கிறது என்றார். சமையலறையில் நின்றால் பின்னால் ஒரு மூச்சிழுப்பு, அடுத்து ஒன்றும் இல்லை. பாடப் போகிறாள் என்று கையில் பாத்திரத்தோடு காத்து நிற்பாராம். இதை வானிலை பற்றிச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். பயமாக இல்லையா என்றேன். "பயம் இல்ல. இவ்வளவு நேரம் நிக்க வைக்கிறாளேன்னுதான்" என்றார்.

மொமோசே ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும் யோரிகோ அவரை நகோயாவுக்கு அழைத்துப் போனாள். நாலாம் மாடிக் குடியிருப்பு. ஸ்பீக்கர்களைக் கொண்டுபோக வழியில்லை. அலமாரி மட்டும் போயிற்று. ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். சதை போட்டிருந்தார். பேரனின் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. அவ அங்கயே நின்னுட்டா" என்றார் மொமோசே. ஒரு ஜோடி சாக்ஸை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "நீ அப்பப்ப போய் ஜன்னலைத் திறந்து விடறியா?"

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போய் ஜன்னல்களைத் திறக்கிறேன், பனி விழுந்தால் அவர் வாசலையும் சேர்த்து வழித்துவிடுகிறேன். ஸ்பீக்கர்கள் நிற்கும் அந்த அறையில் மட்டும் காற்று நுழைந்ததும் திரும்பிவிடுகிறேன். மனைவி கூட வந்தால் வாசலிலேயே நின்று, "சிசுகோ சான், நாங்கதான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.